விரைவும் நிதானமும்
(யூபிலி ஆண்டையொட்டி, பேசின் பிரிட்ஜ் மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நடைபெற்ற கூட்டத்தில், பங்கின் மாலை வகுப்பு ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்பவனியும் நம் நினைவுக்கு வருகின்றன. பழைய ஏற்பாட்டு மக்களுக்கோ ஐம்பதாம் ஆண்டு என்பது, இழந்த நிலம் உரியவனிடம் திரும்பிய ஆண்டு. அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்பிய ஆண்டு. அடைபட்ட கதவு திறக்கும் காலமே யூபிலி. நம் பங்குப் பிள்ளைகளுக்கு முன்னே இன்று அடைபட்டு நிற்கும் கதவு எது என்று நாங்கள் எண்ணிப் பார்த்தோம். மணி பார்த்துத் திறந்து, மணி பார்த்து மூடும் கதவு அது. நுழைவுத் தேர்வு என்பது அதன் பெயர். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அன்று தொடங்கி ரயில்வேயும் துறைமுகமும் ஆலைகளும் வடசென்னைக் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. உடலில் வலுவும், அழைத்துப் போக ஓர் உறவினரும் இருந்தால் வேலை கிடைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று அதே ரயில்வேயில் உதவி லோகோ பைலட் ஆக வேண்டுமானால், முதற்கட்டத் தேர்விலேயே 60 நிமிடத்தில் 75 கேள்விகளைச் சந்திக்க வேண்டும். மருத்துவப் படிப்பிலோ நிலைமை இன்னும் கடினம். 1938-இல் தொடங்கிய ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி நமக்கு நடை தூரத்தில் இருக்கிறது. நம் தாய்மார்கள் பிள்ளை பெறவும், நம் தகப்பன்மார் காயத்துக்குக் கட்டுப் போடவும் அங்கே போகிறோம். நம் பிள்ளை அங்கே வெள்ளைக் கோட்டு அணிந்து நிற்பதற்கு மட்டும் இடையில் ஒரு பிற்பகல் தேர்வு நிற்கிறது.

நம் மாநிலத்தில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு 1984-இல் வந்தது. கிராமப்புற, ஏழை மாணவருக்கு அது பாதகம் என்று கருதி 2007-இல் அரசு அதை நீக்கியது. ஆனால் மருத்துவத்துக்கு 2017 முதல் நீட் தேர்வு கட்டாயமாயிற்று. அது வேண்டாம் என்று நம் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. அதற்கு ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் மாநில அரசு அறிவித்தது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தோருக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமாயிற்று. இங்கே பெற்றோர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஒதுக்கீடு அரசு உதவி பெறும் பள்ளி மாணவருக்குக் கிடையாது. நம் பிள்ளைகளில் பலர் படிப்பது திருச்சபை நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில். ஏழ்மையில் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குச் சமமானவர்கள். சலுகையில் அவர்களோடு சேராதவர்கள். இந்தத் தேர்வு நியாயமா என்று கேட்பது நம் உரிமை, கேட்டுக்கொண்டே இருப்போம். ஆயினும் இந்த ஆண்டு எழுதப் போகும் பிள்ளையிடம், தீர்ப்பு வரும் வரை பொறுத்திரு என்று சொல்ல முடியாது. அவனுக்கு இன்றே கைகொடுக்க வேண்டும்.

2025-இல் நடந்த நீட் தேர்வில் 180 கேள்விகள். நேரம் 180 நிமிடம். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைப்பு. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்றதும் நம் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள்? ‘வேகமாகப் போட வேண்டும்’ என்று நினைக்கிறார்கள். மாலை வகுப்பில் மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்தும்போது நாங்கள் அடிக்கடி காண்பது இது: தெரியாததால் இழந்த மதிப்பெண் ஒரு பக்கம் இருக்க, தெரிந்ததையே அவசரத்தில் இழந்த மதிப்பெண்ணும் ஏராளமாக இருக்கிறது. ஆகவே நாங்கள் சொல்ல வந்தது இதுதான். தேர்வறையில் அவசரப்படுவதால் வேகம் வராது. வேகம் முன்கூட்டியே சேர்த்து வைக்கப்படுவது. அறைக்குள் நாம் செய்ய வேண்டியது, எதை உடனே செய்வது, எதைத் தள்ளி வைப்பது என்று நிதானமாகத் தீர்மானிப்பதே.

மணவாளனை எதிர்கொள்ளச் சென்ற பத்துக் கன்னியரின் உவமை உங்களுக்குத் தெரியும். விளக்கு பத்துப் பேரிடமும் இருந்தது. எண்ணெய் ஐவரிடமே இருந்தது. நள்ளிரவில் கூக்குரல் கேட்ட பிறகு எண்ணெய் வாங்க ஓடினவர்கள் கதவடைத்த பிறகே வந்து சேர்ந்தார்கள். தேர்வறையில் வாய்ப்பாட்டை யோசிக்கிற மாணவன் நள்ளிரவில் எண்ணெய்க் கடையைத் தேடுகிறவன். 20 வரை வாய்ப்பாடு, 30 வரை வர்க்கம், எட்டில் ஒரு பங்கு என்றால் 12.5 சதவீதம் என்பது போன்ற கணக்குகள், இயற்பியல் அலகுகள், தனிமங்களின் அணு எண்கள் - இவை யோசிக்காமல் நாவில் வர வேண்டும். ஏன்? மனித மனம் ஒரே சமயத்தில் ஏந்தக்கூடிய பொருள்கள் மிகச் சில. சுமார் ஏழு என்று 1956-இல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியல் அறிஞர் எழுதினார். பின்வந்தவர்கள் நான்குதான் இருக்கும் என்று குறைத்துவிட்டார்கள். அந்த நாலில் இரண்டை வாய்ப்பாடு பிடித்துக்கொண்டால், கேள்விக்கு மிஞ்சுவது இரண்டுதானே?

நம் ஊருக்கேற்ற கணக்கு ஒன்று பார்ப்போம். 240 மீட்டர் நீளமுள்ள ரயில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 360 மீட்டர் பிளாட்பாரத்தை முழுவதும் கடக்க எத்தனை விநாடி? விடைகள்: 12, 18, 30, 50. கிலோமீட்டர் வேகத்தை 18-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் விநாடிக்கு மீட்டர் கிடைக்கும் என்பது எண்ணெய். 72 என்பது 20 ஆகிவிட்டது. ரயிலின் கடைசிப் பெட்டியும் பிளாட்பாரத்தைத் தாண்ட வேண்டும். ஆகவே தூரம் 600 மீட்டர். விடை 30 விநாடி. பதினைந்து விநாடியில் முடிகிற கணக்கு. மற்ற விடைகளையும் பாருங்கள். ரயில் நீளத்தை மட்டும் எடுத்தவனுக்கு 12 வரும்; பிளாட்பாரத்தை மட்டும் எடுத்தவனுக்கு 18 வரும். கேள்வி தயாரித்தவர் நாம் எங்கே சறுக்குவோம் என்று முன்னமே அறிந்து, அங்கே ஒரு விடையை வைத்திருக்கிறார். ‘என் விடை தாளில் இருக்கிறது, ஆகவே சரி’ என்று எண்ணுகிறவன் அந்த வலையில் விழுகிறான்.

சில இடங்களில் முழுக் கணக்கும் தேவையில்லை. மேலிருந்து விழுந்த கல் 4 விநாடியில் தரையைத் தொட்டது, உயரம் என்ன? விடைகள் 19.6, 39.2, 78.4, 156.8 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்பதை 10 என்று வைத்துக்கொண்டால் 80 வருகிறது. 80-க்குச் சற்றுக் குறைவானது 78.4 மட்டுமே. பேனாவைத் தாளில் வைக்கும் முன்பே விடை முடிந்தது. கணக்கைத் தொடங்குமுன் விடைகளைப் பார்க்க வேண்டும். அவை ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்தால் தோராயம் போதும். நெருக்கமாக இருந்தால் துல்லியம் வேண்டும்.

இனி நிதானத்துக்கு வருவோம். ஒரு பேனாவும் ஒரு நோட்டும் சேர்ந்து 110 ரூபாய். பேனா, நோட்டைவிட 100 ரூபாய் அதிகம். நோட்டின் விலை என்ன? உங்களில் பலர் மனதுக்குள் 10 ரூபாய் என்று சொல்லியிருப்பீர்கள். 10 என்றால் பேனா 110, இரண்டும் சேர்ந்து 120 ஆகிவிடுமே! சரியான விடை 5 ரூபாய். இதே வகையைச் சேர்ந்த மூன்று கேள்விகளை அமெரிக்காவில் ஷேன் பிரடெரிக் என்ற பேராசிரியர் 3,428 பேரிடம் கொடுத்துப் பார்த்து 2005-இல் எழுதினார். அவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். மூன்றையும் சரியாகச் சொன்னவர்கள் 17 சதவீதமே. ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லாதவர்கள் 33 சதவீதம். அறிவில்லாதவர்களா அவர்கள்? இல்லை. முதலில் வந்த விடையைத் திருப்பிப் பார்க்காதவர்கள். விடையைக் கேள்விக்குள் மீண்டும் வைத்துப் பார்க்க ஐந்து விநாடி போதும். அந்த ஐந்து விநாடியைச் செலவிடும் பழக்கம் வீட்டிலேயே வர வேண்டும்.

இந்தப் பழக்கத்துக்கு நம் பேசின் பிரிட்ஜைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. சென்ட்ரலிலிருந்து வரும் தண்டவாளங்கள் வடக்கே கும்மிடிப்பூண்டிக்கும் மேற்கே அரக்கோணத்துக்கும் பிரிவது இங்கேதான். இத்தனை வழிகளுக்கு நடுவே ரயில் ஓட்டுகிறவர்கள் எப்படித் தவறில்லாமல் ஓட்டுகிறார்கள்? ஒவ்வொரு சிக்னலையும் கண்டவுடன் லோகோ பைலட்டும் உதவியாளரும் அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது ரயில்வே விதி. ஜப்பானில் கையை நீட்டிக் காட்டியும் சொல்கிறார்கள். அங்கே ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய சோதனையில், எதுவும் செய்யாதபோது நூறு செயலுக்கு 2.38 ஆக இருந்த பிழை, காட்டிச் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தது. தேர்வறையில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஆனால் பேனா முனையை வைத்து, ‘தவறானது எது’, ‘பொருந்தாதது எது’, ‘அனைத்தும் தவிர’ என்ற சொற்களின் கீழே கோடு இழுக்கலாம் அல்லவா? கேட்டது மீட்டரா, சென்டிமீட்டரா என்று வட்டமிடலாம் அல்லவா? அதுவே மாணவனின் கைகாட்டி.

தமிழில் எழுதும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சொல். அவர்களின் தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலமே முடிவானது என்பது விதி. 2018-இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேள்விக்கு 4 வீதம் 196 கருணை மதிப்பெண் தரச் சொல்லியது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பின்னர் ரத்து செய்துவிட்டது. ஆகவே தமிழில் படியுங்கள், தமிழிலேயே சிந்தியுங்கள். ஆனால் பாடத்தின் ஆங்கிலக் கலைச்சொற்களையும் அறிந்து வையுங்கள். குழப்பம் தோன்றிய இடத்தில் ஆங்கில வரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சிக்னலின் நிறங்களையே தாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் பார்த்தவுடன் தெரிகிற கேள்வி பச்சை, செய்துவிட்டுப் போங்கள். வழி தெரிகிறது, நேரம் பிடிக்கும் என்றால் மஞ்சள்; ஓரத்தில் குறியிட்டுத் தாண்டுங்கள். ஒன்றுமே புரியவில்லை என்றால் சிவப்பு. உயிரியலுக்கு 45 நிமிடம், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 60 என்று வகுத்தால் 25 நிமிடம் கையில் மிஞ்சும். அது மஞ்சளுக்கும் சரிபார்ப்புக்கும். மஞ்சள் முடிந்த பிறகே சிவப்பைத் தொட வேண்டும். ஒரே கேள்வியோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டுகிறவன் வீரனாகத் தோன்றலாம். அவன் கடைசிப் பக்கத்தில் காத்திருந்த நான்கு எளிய கேள்விகளை விற்று அந்த வீரத்தை வாங்கியிருக்கிறான். வட்டத்தைக் கறுப்பாக்கவும் நேரம் வேண்டும்: ஒன்றுக்கு 4 விநாடி என்றாலும் 180-க்கு 12 நிமிடம். கடைசிக்கு வைக்காமல் பக்கத்துக்குப் பக்கம் முடித்துவிடுங்கள். தாண்டிய கேள்வியின் எண்ணை மறந்து அடுத்த வரியில் கறுப்பாக்கினால், அதன்பின் எல்லாமே ஒரு வரி தள்ளிப் போய்விடும். ஆகவே விடையை முதலில் கேள்வித்தாளில் குறித்து, எண்ணைப் பார்த்து, பிறகு வட்டத்துக்குப் போங்கள். பால்பாயிண்ட் பேனா அழியாது.

தெரியாத கேள்விக்கு ஊகித்துப் போடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அந்தந்தத் தேர்வின் சட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். நீட்டில் நான்கு கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், சராசரியாக ஒன்று சரியாகி 4 வரும். மூன்று தவறாகி 3 போகும். மிச்சம் 1 மட்டுமே, அதுவும் நிச்சயமில்லை. ரயில்வே தேர்வில் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். அங்கே அதே ஊகத்தில் சராசரி மிச்சம் சரியாகப் பூஜ்யம். ஆனால் நான்கில் இரண்டு விடைகளைக் காரணத்தோடு நீக்கிவிட்டால் நிலைமை மாறுகிறது. நீட்டில் அப்படி இரண்டு கேள்விக்குப் போட்டால் ஒன்றில் 4 வந்து மற்றதில் 1 போகும், மிச்சம் 3. எனவே குருட்டு ஊகத்தை நம்பாதீர்கள். பாதி அறிவோடு செய்யும் ஊகத்துக்கு அஞ்சாதீர்கள்.

‘முதலில் தோன்றியதே சரி, மாற்றாதே’ என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1,500-க்கும் மேற்பட்ட மாணவர் தாள்களை ஆராய்ந்து ஜஸ்டின் குரூகர் குழுவினர் 2005-இல் வெளியிட்ட முடிவு வேறு. மாற்றிய விடைகளில் பாதி தவறிலிருந்து சரிக்குப் போயிருந்தன; கால் பங்கே சரியிலிருந்து தவறுக்குப் போயிருந்தன. பயத்தினால் மாற்றாதீர்கள், காரணம் கண்டால் தயங்காமல் மாற்றுங்கள். மாற்றத்தைக் கேள்வித்தாளிலேயே செய்துவிட்டு வட்டத்துக்குப் போக வேண்டும் என்று நாங்கள் சொன்னது இதற்காகவும்தான்.

வீட்டில் எப்படிப் படிப்பது? ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்த முகம் போலத் தோன்றும்; ஆனால் பெயர் நினைவுக்கு வராது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இருவர் செய்த சோதனையில், ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தவர்கள் ஒரு வாரத்துக்குப்பின் 40 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒருமுறை வாசித்து, மூன்று முறை புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதியவர்கள் 61 சதவீதம். புத்தகத்தை மூடுங்கள், எழுதிப் பாருங்கள். முதல் மாதங்களில் கடிகாரம் இல்லாமல் சரியாகச் செய்யப் பழகுங்கள். கை பழகிய பிறகு கடிகாரத்தை வையுங்கள். சரியில்லாத கை வேகம் பிடித்தால் தவறையே வேகமாகச் செய்யும். வாரம் ஒருமுறை பிற்பகல் 2 முதல் 5 வரை, தேர்வு நடக்கும் அதே நேரத்தில், முழுத்தாளை எழுதுங்கள். முடிந்ததும் மதிப்பெண்ணை மட்டும் கூட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஒவ்வொரு தவறுக்கும் எதிரே காரணம் எழுதுங்கள்: தெரியாததா, சரியாக வாசிக்காததா, கணக்குப் பிழையா, நேரம் போதாததா? நான்கு நோய்க்கும் மருந்து வேறு வேறு.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஓர் அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் மூன்று மணி நேர அமைதி கிடைக்காது. அது உங்கள் குற்றமல்ல. யூபிலியின் நினைவாகப் பங்கு மன்றத்தில் வாரத்துக்கு ஒரு பிற்பகல், ஒரு சுவர்க்கடிகாரமும் மேசைகளும் இந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட வேண்டுமென்று பங்குத்தந்தை அவர்களிடம் இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம். எம்மதத்துப் பிள்ளையானாலும் அங்கே இடம் உண்டு என்றிருந்தால் யூபிலி நம் சுவர்களுக்கு வெளியேயும் போகும். தேர்வுக்கு முந்தின இரவு பிள்ளையைத் தூங்க விடுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சாப்பாட்டு நேரத்தில் பரிமாறாதீர்கள்.

கடைசியாக, சொல்லக் கடினமான ஒன்று. இந்தத் தேர்வின் பயத்திலும் முடிவிலும் மனமுடைந்து நம் மாநிலத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகள் உண்டு. அந்தத் தாய்களின் கண்ணீரை மறந்து இங்கே நேர நிர்வாகம் பேச எங்களுக்கு மனமில்லை. இந்தத் தாள் மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகளுக்கு ஒருவன் எப்படி விடையளித்தான் என்று மட்டும் சொல்லும். அவன் நல்லவனா, நோயாளியின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லக்கூடியவனா என்று அதற்குத் தெரியாது. பொறியியலுக்கும் வேளாண்மைக்கும் நம் மாநிலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணே வழி. நீட் தேர்வையும் மறுமுறை எழுதலாம். முடிவு வரும் நாளில், வென்ற பிள்ளையின் வீட்டுக்கு மாலையோடு போகும் நாம், வெல்லாத பிள்ளையின் வீட்டுக்கு முதலில் போவோம். அன்று அந்தப் பிள்ளை தனியாக இருக்கக் கூடாது. இதை ஒவ்வொரு பக்த சபையும் தன் கடமையாக ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று மன்றாடுகிறோம்.

மாணவச் செல்வங்களே, எண்ணெயை இன்றே சேருங்கள். தாளின் முன் அமரும்போது ஒரு நிமிடம் மௌனமாகச் செபியுங்கள்; பிறகு முதல் கேள்வியின் கடைசிச் சொல்வரை வாசியுங்கள். ஞானத்தின் இருப்பிடமாகிய நம் தேவ தாய் உங்களுக்குத் துணை நிற்பாராக.